பஞ்சபுராணத்தைப் பொருளோடு படிப்பிக்க உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அறநெறிப் பாடசாலையில் ஞாயிறுகளில் தரம் 4, 5 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இந்தத் தவணைக்குப் பஞ்சபுராணமும் (ஐந்து சைவத் திருமுறைப் பகுதிகளிலிருந்து ஒவ்வொரு பாட்டாகப் பாடுவது) சில நாயன்மார் கதைகளும் எடுத்திருக்கிறேன். கதைகளில் சிக்கல் இல்லை, கண்ணப்பர் என்றால் வகுப்பே மூச்சுவிடாமல் கேட்கும்.

பஞ்சபுராணம்தான் கஷ்டம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் போன கிழமை சம்பந்தரின் முதல் தேவாரமான ‘தோடுடைய செவியன்’ பாட்டைப் பிழையில்லாமல் பாடிய பிள்ளையிடம், சிவன் காதில் ஏன் தோடு என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. சிவனின் இடப்பாகம் உமை, அந்தத் தோடு உமையுடையது என்று சொன்னதும் முகம் அப்படி மலர்ந்தது! ஐந்து பாட்டுக்கும் அது நடக்க வேண்டும்.

பத்து வயதுக்குப் புரியும்படி பதம் பிரித்து, படத்தோடு செய்த குறிப்புகள் யாரிடமாவது இருக்கிறதா? முக்கியமாகத் திருவிசைப்பாவுக்கு. மெதுவாகப் பாடிய ஒலிப்பதிவு இருந்தாலும் அனுப்புங்கள்.