டபிள்யூ-2 பாக்ஸ் 14-ல் உள்ள சி.ஏ.எஸ்.டி.ஐ: எங்கே கழிப்பது?

அல்சூர்வாசி:
கலிஃபோர்னியா வேலையை விட்டுட்டு 2025 ஆகஸ்ட்ல பெங்களூரு வந்தாச்சு. மனைவிக்கு வருமானம் இல்ல. டபிள்யூ-2 (கம்பெனி தர்ற வருஷச் சம்பளச் சான்று) பாக்ஸ் 5-ல (மெடிகேர் சம்பளம்) 90,000 டாலர், பாக்ஸ் 17-ல (மாநில வருமான வரி) 4,600, பாக்ஸ் 14-ல சி.ஏ.எஸ்.டி.ஐ (கலிஃபோர்னியாவோட உடல் இயலாமை இன்சூரன்ஸ் பிடித்தம்) 1,080. இன்சூரன்ஸ் பிரீமியம்தானே, மெடிக்கல் செலவுல போடலாமா?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். பேர்ல இன்சூரன்ஸ் இருந்தாலும் கட்டாயப் பிடித்தம்ங்கறதால ஐ.ஆர்.எஸ் (அமெரிக்க வருமான வரித்துறை) இதை மாநில வருமான வரியாவே பார்க்குது. நியூயார்க், நியூஜெர்சி பிடித்தங்களுக்கும் இதேதான். ஷெட்யூல் ஏ-வுல (கழிவுகளைப் பட்டியலிடற படிவம்) 5ஏ கட்டத்துல 4,600-ஓட சேர்த்து 5,680 போடுங்க. அதே 5ஏ-ல விற்பனை வரியைத் தேர்ந்தெடுத்தா இது போயிடும்.

2025-க்கு விகிதம் 1.2%, சம்பள உச்சவரம்பு கிடையாது. 90,000-க்கு 1,080 சரியா வருது. பாக்ஸ் 1-ஐ (401கே போக மிச்சச் சம்பளம்) வெச்சுப் பெருக்கிட்டு 'கூடப் பிடிச்சுட்டாங்க'ன்னு பதறாதீங்க: 401கே ஓய்வூதியச் சேமிப்புக்குப் போன பணத்துக்கும் எஸ்.டி.ஐ உண்டு.

முழு வருஷமும் அங்க இருந்து தனியாத் தாக்கல் பண்றவங்களுக்கு 2025-க்கு ரசீது இல்லாமலே கிடைக்கற 15,750 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இருக்கறதால பெரும்பாலும் இது பிரயோஜனப்படாது. பாதி வருஷத்துல கிளம்பி டூயல் ஸ்டேட்டஸ் (வருஷத்துல கொஞ்ச காலம் ரெசிடென்ட், மீதி நான்-ரெசிடென்ட்) ஆனா ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே கிடையாது, ஐட்டமைஸ்தான் (ஒவ்வொரு கழிவையும் தனியாப் பட்டியலிடறது). உங்களுக்கு ஒவ்வொரு டாலரும் கணக்கு.

மாரத்தஹள்ளி:
ஒண்ணு சேர்த்துக்கோங்க. டூயல் ஸ்டேட்டஸ்ல ஜாயின்ட்டா தாக்கல் பண்ண முடியாது, தனித்தனியாதான். அப்படித் தாக்கல் பண்றவங்களுக்கு மாநில வரிக் கழிவு வரம்பு 2024 வரை 5,000. அப்போன்னா 680 வெட்டுப்பட்டிருக்கும். 2025-க்கு 20,000, முழுசா நிக்கும்.

வருஷக் கடைசியில நான்-ரெசிடென்ட்ங்கறதால 1040-என்.ஆர் (நான்-ரெசிடென்ட் படிவம்) தான் ரிட்டர்ன், மேல 'டூயல் ஸ்டேட்டஸ் ரிட்டர்ன்'னு எழுதணும். அமெரிக்காவுல இருந்த மாசங்களுக்கு 1040-ஐ (ரெசிடென்ட் படிவம்) ஸ்டேட்மென்ட்டா இணைக்கணும். கிளம்பின தேதியையும் அதுக்கப்புறம் குடும்பம், வேலை எல்லாம் இங்கதான்னும் சொல்ற கடிதம் இல்லேன்னா டிசம்பர் 31 வரை ரெசிடென்ட்னே எடுத்துக்குவாங்க.

அல்சூர்வாசி:
நன்றிங்க. நண்பர் ஒருத்தர் டபிள்யூ-2ல வி.பி.டி.ஐ-ன்னு இருக்கு. அதுவும் இதேதானா?

கணக்குப்பிள்ளை:
இல்ல. அது கம்பெனியோட தனியார் திட்டம், மாநில நிதிக்குப் போகல. கழிக்க முடியாது. சாஃப்ட்வேர்ல பாக்ஸ் 14 வகை கேக்கும்போது ரெண்டையும் மாத்திப் போடறவங்க அதிகம். சி.ஏ.எஸ்.டி.ஐ-யை 'மற்றவை'ன்னு போட்டா ஷெட்யூல் ஏ-க்கே வராது. அச்செடுத்து 5ஏ-வைக் கண்ணால பாருங்க.

அப்புறம், கலிஃபோர்னியாவோட மாநில ரிட்டர்ன் 540என்.ஆர்-ல இந்த 5,680-ஐக் கழிக்க விடமாட்டாங்க. அதோட இணைக்கற ஷெட்யூல் சி.ஏ-வுல திருப்பி எடுத்துடணும்.