ஃபீட் வைத்த இடம் ரிங் ரெசனேட்டரில் காட்டும் வேலை: உங்கள் அனுபவம்?

அலைநீளம்:
ரிங் ரெசனேட்டர் என்றால் போர்டில் வளையமாக ஓடும் தாமிரத் தடம்; சுற்றளவில் முழு அலைநீளங்கள் பொருந்தும் அதிர்வெண்களில் அதிரும், அங்கேதான் பீக். என் போர்டு எஃப்ஆர்-4 (கண்ணாடி இழை எபாக்சி), 1.6 மிமீ தடிமன், ரிங்கின் சராசரி ஆரம் 11 மிமீ. முதல் பீக் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வாக்கில் வர வேண்டும். கனெக்டர்கள் பெட்டியின் அடுத்தடுத்த சுவர்களில் வர வேண்டும் என்றார்கள். அதனால் ஃபீட் இரண்டும் (சிக்னலை ரிங்குக்குக் கொடுக்கும், எடுக்கும் தடங்கள்) 90 டிகிரியில். விஎன்ஏவில் (நெட்வொர்க் அனலைசர்) மாட்டினால் 2.4-இல் எஸ்21, அதாவது ஒரு ஃபீடிலிருந்து மற்றதற்குக் கடந்து வரும் சிக்னல், தரையோடு தரையாகக் கிடக்கிறது, 4.8-இல் பீக் நெட்டுக்குத்தாக நிற்கிறது! லேபில் எல்லோரும் சால்டரிங்கைச் சந்தேகித்தார்கள். கனெக்டரை மாற்றியும் அதேதான். போர்டில் ஒரு குறையும் இல்லை. 2.4-இல் ரிங்கைச் சுற்றி ஒரு வழி கால் அலைநீளம், மறு வழி முக்கால். வெளியே வரும் இடத்தில் ஒன்றை ஒன்று அடித்துவிடுகின்றன. 4.8-இல் அரையும் ஒன்றரையும், சேர்ந்து வருகின்றன. அந்த வெற்றுத் திரை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தாமிரத்தடம்:
எனக்கு 180 டிகிரியிலேயே தொல்லை. ஃபீட் நேருக்கு நேர்தான், ஆனால் முதல் பீக் இரண்டாகப் பிளந்து ஒட்டி நின்றது. லென்ஸில் பார்த்தால் ஒரு பக்க கேப் (ஃபீடுக்கும் ரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி) மற்றதைவிட அகலம். எட்சிங் (தாமிரத்தை அரித்துத் தடம் எடுப்பது) அப்படி. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

கேப்காரன்:
@தாமிரத்தடம், அதை ஒப்புக்கொள்ள முடியாது. கேப் எவ்வளவு வேறுபட்டாலும் இரண்டும் ஒரே விட்டத்தில் இருக்கும்வரை அந்த அச்சுக்கு இருபுறமும் சமச்சீர்தான். அதிர்வெண் கொஞ்சம் நகரும், உயரம் மாறும். இரண்டாவது மோடு, அதாவது அதே அதிர்வெண்ணில் ரிங் அதிரக்கூடிய இன்னொரு வடிவம், எழாது. அச்சை விட்டு விலகிய இடத்தில் ஓரம் எங்காவது கடிபட்டிருக்கிறதா பாருங்கள். முதல் மோடுக்கு 45 டிகிரி பக்கம் இருந்தால்தான் மோசம். அப்புறம், யாராவது இந்த ரிங்கை வைத்துப் போர்டின் எப்சிலான் (மின்காப்பு மாறிலி) அளக்கப்போகிறீர்கள் என்றால், கேப்பைத் தாராளமாக விடுங்கள். பீக் சின்னதாக வந்தால் பரவாயில்லை. நெருக்கி வைத்தால் ஃபீடே ரிங்கைச் சுமையாக இழுத்து அதிர்வெண்ணைக் கீழே தள்ளும், கியூவும் (பீக்கின் கூர்மை) விழும். ட்ராட்டன் 1969-இல் இந்த ரிங்கை எடுத்ததே அளப்பதற்குத்தான். திறந்த முனை இல்லாததால் முனைத் திருத்தம் (முனையில் புலம் வெளியே கசிவதற்கான நீளக் கணக்கு) போட வேண்டியதில்லை. ஒரே பீக்கோடு நிறுத்தாமல் மேலே உள்ளவற்றையும் எடுங்கள், டிஸ்பெர்ஷன் (அதிர்வெண்ணோடு எப்சிலான் மாறுவது) தானாகத் தெரியும். ரிங் தடத்தை ஆரத்தோடு ஒப்பிட ஒல்லியாக வையுங்கள். அகலமானால் சராசரி ஆரக் கணக்கு பொய்த்துவிடும்.

செம்புநாடா:
@அலைநீளம், அதே 90 டிகிரி போர்டு எங்களிடமும் இருந்தது. இரண்டு ஃபீடுக்கும் 135 டிகிரி தள்ளி, எதிர்ப்பக்க ஓரத்தில் ஒரு துண்டு காப்பர் டேப்பை ஒட்டினேன். விரலால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, ஒன்றுமே இல்லாத 2.4-இல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பீக் எழும்பின. டேப்பைக் கத்தரித்துச் சின்னதாக்கினால் இரண்டும் நெருங்கி வந்தன. வோல்ஃப் 1972-இல் ரிங்கின் இரட்டை மோடில் பாண்ட்பாஸ் ஃபில்டர் (ஒரு அதிர்வெண் பட்டையை மட்டும் விடும் வடிகட்டி) செய்தது இந்த வழியில்தான். உங்கள் போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அலைநீளம்:
போர்டு இருக்கிறது. டேப் எத்தனை மிமீ அகலம்?

செம்புநாடா:
ரிங் தடத்தின் அகலத்தில் பாதி. அங்கிருந்து கத்தரித்துக்கொண்டே வாருங்கள்.