‘பிளீச்சிங்’ என்பதற்கு வெளுத்தலா, வெளிற்றலா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். துணிநூல் சொற்பட்டியலில் ‘பிளீச்சிங்’ என்பதற்குத் தாங்கள் முன்வைத்துள்ள ‘வெளிற்றல்’ இலக்கணப்படி செம்மையானதே. ஏறு என்பது ஏற்று என்றும், மாறு என்பது மாற்று என்றும் ஆவதுபோல, வெளிறு என்னும் தன்வினை வெளிற்று என்று பிறவினையாகும். ஆயினும் பொருளை நோக்கும்போது என்னால் அதை ஏற்க இயலவில்லை.

குடியாத்தத்தில் கைலிக்கு நூல் சாயமேற்றும் பட்டறைகளை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சாயம் சீராகப் பிடிப்பதற்காக, பருத்தி நூலில் இயல்பாக உள்ள பழுப்பை முதலில் நீக்குவது ஒரு தொழில்; அதே கைலி வேலூர் வெயிலில் நாள்தோறும் காய்ந்து நிறமிழந்து வெளிறுவது ஒரு கேடு. இவ்விரண்டையும் ஒரே வேரிலிருந்து பெயரிட்டால், ஆக்கமும் அழிவும் ஒன்றாகிவிடும். வெளிறு என்ற சொல்லிலேயே குறைவு இருக்கிறது. வைரம் பாயாத மரம் வெளிறு. ‘இன்மை அரிதே வெளிறு’ என்னும் 503ஆம் குறளில் அது அறியாமையைக் குறிக்கிறது.

வெளுத்தலோ உழைப்பின் சொல். பாலாற்றங்கரையில் சலவைத் தொழிலாளர்கள் துணிகளை உவர்மண் கரைசலில் நனைத்து, வெள்ளாவி வைத்து (நீராவியில் வேகவைத்து), அலசிக் காயப்போட்டதெல்லாம் வெளுத்தலே. உவர்மண்ணின் காரம் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கழற்றியது. இன்று பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு, நிறந்தரும் மூலக்கூறுகளையே ஆக்சிஜனேற்றத்தால் சிதைக்கிறது. வேதியியல் வேறானாலும் துணியை வெண்மையாக்கும் நோக்கம் ஒன்றே என்பதால், அவர்கள் காத்துவந்த சொல்லை விட்டுவிடுவது நியாயமாகாது.

‘சாயம் வெளுத்துப்போயிற்று’ என்றும் வழங்குகிறதே எனக் கேட்கலாம். அங்கே வெளுத்தல் தன்வினை. ‘நூலை வெளுத்தார்கள்’ என்னும்போது செயப்படுபொருள் வந்து ஐயத்தை நீக்கிவிடுகிறது. நிறவினை ஒன்று பல பொருள் தாங்குவதும் நமக்குப் புதிதன்று. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்ற தொல்காப்பியம், அவை நிறத்தை உணர்த்துதற்கும் உரியன என்று அடுத்தே கூறுகிறது.

வெளுக்கும் வேதிப்பொருளுக்கு வழங்கும் ‘வெளுப்பான்’ மட்டும் எனக்கு உறுத்துகிறது. அது ‘அவன் வெளுப்பான்’ என்ற வினைமுற்றாகவும் படிக்கப்படும். வினையூக்கி, வடிகட்டி என்பனபோல இகர ஈற்றில் ‘வெளுப்பி’ என்று கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. பட்டறைக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தபோது அவர்கள் விளக்கம் கேட்கவில்லை.