ஒரு வீட்டில் இரண்டு விதத் தோல், என்ன பூசலாம்?

அக்காமாரே, தங்கச்சிமாரே, ஒரு உதவி வேணும். நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். மூத்த மகளுக்கு எண்ணெய்த் தோல். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மூக்கும் நெற்றியும் மினுங்கும், தாடையில் பரு. இளையவளுக்கு நேர்மாறு. இந்த வறண்ட கச்சான் காற்றில் அவள் கையை நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறது, அவ்வளவு வறட்சி.

போன மாதம் மூத்தவள் தேசிக்காய்ப் புளியை (எலுமிச்சைச் சாறு) முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் உடுப்புக் காயப்போட்டாள். இரண்டு நாளில் கன்னத்தில் எரிவு, அப்புறம் கறுத்த தழும்பு. தேசிக்காய்ச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். தயவுசெய்து பிள்ளைகளுக்கு அதைப் பூசாதீர்கள்.

இப்போது பயற்றம் மாவைத் தண்ணீரில் குழைத்துக் கழுவுகிறாள், மினுக்கம் குறைகிறது. தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைத்துப் பருவைக் கூட்டும் என்பதால் அவளுக்கு நிறுத்திவிட்டேன். சின்னவளுக்கோ குளித்த ஈரத்தோடு அதே எண்ணெய்தான் கைகொடுக்கிறது. கற்றாழை மடலை வெட்டினால் மஞ்சள் பால் வடிந்து முடியும்வரை நிமிர்த்தி வைத்து, கழுவிய பிறகுதான் உள்ளிருக்கும் வழுவழுப்பான சோற்றை எடுப்பேன். அந்தப் பால் தோலைக் கடிக்கும். எதையும் முதலில் முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பார்க்கிறேன்.

வேப்பிலை அரைத்துப் பூசியவர்கள் இருக்கிறீர்களா, கிழமைக்கு எத்தனை தரம்? வறண்ட தோலுக்கு நல்லெண்ணெய் சரிவருமா? திருகோணமலை டவுனில் கலப்பில்லாத கஸ்தூரி மஞ்சள் எங்கே வாங்கலாம்?