மறு: குறுக்கெழுத்துக் கலைச்சொற்கள் – ‘சொல்விளையாட்டு’ வேண்டாம், ‘முடிச்சு’ போதும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கிரிப்டிக் குறுக்கெழுத்துக்கான சொற்பட்டியலில் மற்றவை ஏறக்குறைய முடிந்துவிட்டன. ஒரே ஒரு சொல் மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில், குறிப்பு என்பது நேரான விளக்கம்தான். பிற்பாடு பிரிட்டனில் வளர்ந்த கிரிப்டிக் வகையில் குறிப்பு இரண்டு துண்டுகளாக இருக்கும். ஒரு துண்டு விடையின் பொருளைச் சொல்லும். மற்றது விடையின் எழுத்துகளை எங்கிருந்து எடுத்து எப்படி அடுக்குவது என்று சொல்லும். ஆனால் வாக்கியத்தை மேலோட்டமாகப் படித்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது கதை ஒன்று தெரியும். சென்ற மாதம் நான் கட்டிய குறிப்பு இது (அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை):

பலகாரத்தோடு ஓர் எண் சேர்ந்தால் சென்னையில் ஓடும் (4)

படித்தவுடன், பெட்டியில் தொலைபேசி எண்ணை அச்சடித்து வியாபாரம் செய்யும் பலகாரக் கடைதானே நினைவுக்கு வருகிறது? பலகாரம் அடை, எண் ஆறு, அடையாறு. ‘சென்னையில் ஓடும்’ என்பது பொருள். மிச்சமுள்ள ‘பலகாரத்தோடு ஓர் எண் சேர்ந்தால்’ என்ற துண்டுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

‘சொல்விளையாட்டு’ என்று பட்டியலில் இப்போது இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. காளமேகத்தின் சிலேடையும் சொல்விளையாட்டு, பட்டிமன்றப் பேச்சாளர் அடிக்கும் எதுகையும் சொல்விளையாட்டு. அத்தனையையும் சுமக்கும் சொல்லைக் குறிப்பின் ஒரு துண்டுக்கு மட்டும் மாட்டிவிட்டால் யாருக்கும் புரியாது. இன்னொன்று: ஆங்கிலத்திலேயே இதற்கு முதலிலிருந்து ‘வேர்ட்பிளே’ (சொல்விளையாட்டு) என்ற பெயர் இருக்கவில்லை. ‘அப்சர்வர்’ இதழுக்குப் புதிர் கட்டிய டி. எஸ். மக்நட், ஸிமனீஸ் என்ற புனைபெயரில் 1966இல் எழுதிய குறுக்கெழுத்து இலக்கண நூலில், நல்ல குறிப்பில் துல்லியமான பொருளும் நியாயமான துணைச் சுட்டும் (நாம் பெயர் தேடும் துண்டு இதுதான்) இருக்க வேண்டும், அதற்குமேல் ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதான் விதித்தார். (ஸிமனீஸ் என்பது ஸ்பெயினில் மத விசாரணை நடத்தியவரின் பெயர். புதிர் கட்டுபவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.) ஆகவே, பிற்காலத்தில் அவர்கள் வைத்த பெயரை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

‘சொற்சிலம்பம்’ என்று பெரம்பூர் நண்பர் முன்மொழிந்தது காதுக்கு இனிமைதான். ஆனால் சிலம்பம் ஊர் பார்க்கச் சுற்றுவது. இங்கே கம்பை மறைத்து வைத்துக்கொண்டல்லவா சுற்ற வேண்டும்?

என் பரிந்துரை ‘முடிச்சு’. போன வெள்ளிக்கிழமை மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பூக்காரம்மாள் முழம் போடும்வரை நின்றுகொண்டிருந்தேன். இந்தப் பக்கம் இரண்டு மல்லிகை, அந்தப் பக்கம் இரண்டு, காம்புகள் எதிரெதிராக. வாழைநாரை ஒரு சுற்று சுற்றி விரலால் ஓர் இழுப்பு. பூ தெரிகிறது, நார் தெரியவில்லை. தமிழில் புதிரின் முடிச்சை அவிழ்க்கிறோம் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். முடிச்சுப் போடலாம், அவிழ்க்கலாம், முடிச்சு சரியாக விழவில்லை என்று புதிர் கட்டியவரைத் திட்டலாம். வினைச்சொற்கள் தாமாக வந்து ஒட்டும் பெயர்ச்சொல்தான் கலைச்சொல்லாக நிலைக்கும் என்பது என் நம்பிக்கை.

வகைகளும் இதிலிருந்தே கிளைக்கும். அடையாறு போலத் துண்டுகளைக் கோப்பது கோப்பு முடிச்சு. விடை வாக்கியத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தால் கரப்பு முடிச்சு. ‘அலங்கோலமான நகரம், பாவிகள் குடியிருப்பு (4)’ என்றால் நகரத்தின் எழுத்துகளைக் கலைத்து நரகம் ஆக்க வேண்டும். அது கலை முடிச்சு. டிசம்பர் மழையில் வேளச்சேரியில் வசிப்பவர்கள் கலைக்காமலேயே விடை சொல்லிவிடுவார்கள். இந்த வகைக்குக் ‘கலைசொல்’ என்று வினைத்தொகையாக வைக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அனுப்பிய பிறகு பார்த்தால், என் கணினியின் பிழைதிருத்தி எல்லா இடத்திலும் ‘ச்’ சேர்த்துக் கலைச்சொல் ஆக்கியிருந்தது. அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு சிக்கல் பாக்கி. அடை, ஆறு இரண்டையும் சேர்த்தால் நடுவில் ‘ய்’ எங்கிருந்து வந்தது, குறிப்பில் அதற்குக் கணக்கு இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், ஓர் எழுத்துகூட ஓசியில் வரக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் நேர்மை. ஆனால் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலில் வினாவுத்தரம் என்ற சொல்லணிக்குக் காட்டியிருக்கும் பாட்டைப் பாருங்கள். திருமகளுக்குப் பெயர் என்ன, புறப்படுகிறவனிடம் ஏவுகிறவன் என்ன சொல்வான், சரத்துக்கு என்ன பெயர், அழகுக்கு என்ன பெயர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் சிவன் உவந்து உறையும் இடம் எது என்கிறது. திரு, ஏகு, அம்பு, அம். சேர்த்தால் திருவேகம்பம். ‘வ்’ வந்தது, இரண்டு உகரம் போனது. யாரும் கணக்குக் கேட்கவில்லை. புணர்ச்சி விதிப்படி வருவதும் போவதும் தமிழ் முடிச்சில் அனுமதி என்று விதியாகவே எழுதிவிடலாம். கோப்பு முடிச்சுக்கு இதைவிடப் பழைய, பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியாது.

மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
மடிப்பாக்கத்திலிருந்து

---

தம்பிக்கு,

முடிச்சு நன்றாக இருக்கிறது. புணர்ச்சி விதியையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். முடிச்சை அவிழ்ப்பவரை என்னவென்று அழைப்பீர்கள்? இலக்கணப்படி முடிச்சவிழ்க்கி. நான் பிறந்து வளர்ந்த ராயபுரத்தில் அந்தச் சொல்லுக்குப் பிக்பாக்கெட் என்று பொருள். நாற்பது வருடமாகத் தினமும் காலையில் குறுக்கெழுத்துப் போடுகிற என்னை, இந்த வயதில் அப்படி அழைத்தால் வீட்டில் வருத்தப்படுவார்கள்.

குரோம்பேட்டையிலிருந்து

---

ஐயா,

மன்னிக்கவும், இது என் மண்டையில் உறைக்கவே இல்லை. முடிச்சு இருக்கட்டும், அவிழ்ப்பவருக்கு ‘விடையாளர்’ என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

மடிப்பாக்கம்

---

தம்பி,

விடையாளர் சரி, பட்டியலில் ஏற்றிவிடுங்கள். உங்கள் புணர்ச்சி விதியைச் சோதிக்க ஒன்று கட்டியிருக்கிறேன். ஓர் எழுத்து இலவசமாக வரும்.

மரத்துக்கு வலிமை வந்தால் மின்சார ரயில் நிற்கும் (5)

குரோம்பேட்டை