ஓடும்போதே இன்ஜின் இறுகியது, வாரன்டி கிடைக்குமா?

150 சிசி ஏர் கூல்டு வண்டி, 14,000 கி.மீ., வாரன்டி இருக்கிறது. ஓட்டத்திலேயே பின்சக்கரம் இழுத்துப் பிடித்து நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் சக்கரத்தைத் தள்ளியும் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் இன்ஜின் தண்டு) அசையவில்லை. அதனால் பேட்டரி, ஸ்டார்ட்டர் சந்தேகம் வேண்டாம். சூட்டில் பிஸ்டன் மட்டும் பிடித்திருந்தால் ஆறியதும் பெரும்பாலும் விடும். இது மறுநாளும் இறுக்கம்தான். பிக் எண்ட் பேரிங்கோ (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்), சிலிண்டருக்குள் உடைந்து விழுந்த வால்வோ?

டிப்ஸ்டிக்கில் ஆயில் இரு கோடுகளுக்கு நடுவே. போட்டோ எடுத்தாயிற்று. ஆயிலை வடிக்கவில்லை, ஹெட்டை (இன்ஜினின் மேல்மூடி) தொடவில்லை. வெளியே பிரித்தால் அதையே காரணமாக்கிவிடுவார்கள். சர்வீஸ் பில்களும் உண்டு.

ஆனால் சர்வீஸ் சென்டரில் திறக்காமலே 'ஆயில் குறைவு, உங்கள் தவறு' என்கிறார்கள். (எக்ஸ்ரே கண் போலும்!)

ஆயில் இருந்தும் இறுகியதால் ஆயில் பம்ப் மேல்தான் என் சந்தேகம். பிரிக்கும்போது அந்தக் கோளாறை உறுதிசெய்ய ஸ்ட்ரெய்னர் (ஆயில் வடிகட்டும் சல்லடை), கேம் ஜர்னல் (கேம் ஷாஃப்ட் தாங்கிச் சுழலும் பகுதி) தவிர எதைப் பார்க்கணும்? ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டு) என்ன எழுதச் சொல்லணும்? அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணன்கள் சொல்லுங்கள்.