ஓவியச் சந்தையில் முகம் வரைபவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஓசூரிலிருந்து:

சந்தையில் கடை போட்டால் போர்ட்ரெய்ட் ஆர்டர் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும், ஆனால் அன்றைக்கே வராது.

நான் போவது பெங்களூரு சித்ர சந்தைக்கு. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமாரகிருபா சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்துவது. கூட்டம் நெரியும். கையோடு வாங்கிப் போவதெல்லாம் பிள்ளையார், புத்தர், இயற்கைக் காட்சி. முன்பின் தெரியாதவர் முகத்தைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? நமக்கு அங்கே சரக்கு கிடையாது, மாதிரி மட்டும்தான்.

அந்த மாதிரியில் ரஜினியும் அப்துல் கலாமும் வேண்டாம். நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் வைப்பது மூக்குத்தி போட்ட ஒரு பாட்டியின் படம், பக்கத்திலேயே அதை வரையக் கொடுத்த மங்கலான போட்டோ. இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறவர்தான் நம் ஆள். 2021-இல் கொரோனாவால் சந்தையை இணையத்தில் நடத்தினார்கள். எனக்கு ஒரு விசாரிப்புகூட வரவில்லை.

நேரில் ஒரு சந்தையில் பாட்டி படத்தை அப்படிப் பார்த்துக்கொண்டே நின்ற ஒருவர் பர்ஸிலிருந்து லேமினேட் செய்த வாக்காளர் அட்டையை எடுத்தார். "அப்பா படம் இது ஒண்ணுதான் சார். வருமா?" மூக்கும் தாடையும் தெரிந்தன, கண்ணாடியில் ஃப்ளாஷ் அடித்து இரண்டு கண்ணும் வெள்ளை. கண் இல்லாமல் எப்படி என்றேன். "எங்க அத்தைக்கு அதே கண்ணு" என்று அங்கேயே வீடியோ கால் போட்டுவிட்டார். அந்த அம்மா அடுப்படியில் நின்றபடி, "யாருடா இவரு, என்னையே பார்க்கறாரு?" என்று கேட்கக் கேட்க, இமையையும் புருவத்தையும் பென்சிலில் குறித்துக்கொண்டேன். பொங்கல் கழித்து அட்வான்ஸ் வந்தது. எனக்கு வரும் ஆர்டரில் பாதிக்கு மேல் இப்படி இறந்துபோன அப்பா அம்மாதான்.

சென்னையிலிருந்து:

அண்ணா சொல்வது சரி, ஆனால் மாதிரியை மட்டும் நம்பி உட்கார எனக்குப் பொறுமை இல்லை. நான் அங்கேயே கரிக்கோலில் வரைவேன். முதல் ஆள் உட்காரத்தான் கூச்சப்படுவார்கள். பக்கத்துக் கடைக்காரரையோ டீ கொண்டுவரும் தம்பியையோ இலவசமாக உட்காரவைத்துவிட்டால் போதும், சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும்.

எல்லா இடத்திலும் கேட்கிற ஒரே வேண்டுகோள்: "கொஞ்சம் கலரா போடுங்க மேடம்." கரியில் எல்லாரும் கறுப்புதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். நிழலைக் குறைத்து முகத்தை வெளுக்க மட்டும் மாட்டேன், சாயலே போய்விடும்.

விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்துப் பார்த்தேன், பாதி வாசலிலேயே கிடக்கும். இப்போது படத்தின் பின்பக்கமே பெயரும் வாட்ஸ்அப் எண்ணும் எழுதிவிடுகிறேன். வீட்டுச் சுவருக்குப் போகிற தாள் அது. கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடிக்காமல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஆட்டோவில் போவதற்குள் முகம் கலைந்துவிடும்.

கும்பகோணத்திலிருந்து:

எண்ணெய் வண்ணத்தில் ஆர்டர் எடுப்பவர்கள் தேதி சொல்லும்போது காயும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் அப்பா படத்தை ஈரத்தோடு கேட்டு வாங்கிப் போனார் ஒருவர். போர்த்திய வேட்டி அப்பாவின் மீசையில் ஒட்டிக்கொண்டது. அவசரம் என்றால் சீக்கிரம் காயும் அக்ரிலிக் வண்ணம்தான்.